கசிவு இல்லை என்பது

ஒரு பொருள் இருக்கிறது என்று நிரூபிப்பது சுலபம். எடுத்து முன்னால் வைத்துவிட்டால் போதும். இல்லை என்று நிரூபிக்க எதை எடுத்து எங்கே வைப்பது? தரையில் குடம் இல்லை என்பதை நாம் எப்படி அறிகிறோம் என்று நம் பழைய தர்க்கவாதிகள் நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போட்டிருக்கிறார்கள். நையாயிகர்கள் அதுவும் கண்ணால் காண்பதில் சேர்ந்ததுதான் என்றார்கள். குமாரிலரின் வழி வந்த மீமாம்சகர்கள், இல்லை, அது வேறு வகை அறிவு, அதற்குத் தனிப் பிரமாணம் வேண்டும் என்று சொல்லி ‘அனுபலப்தி’ என்று பெயரிட்டார்கள். கல்லூரி நாட்களில் இதைப் படித்தபோது வேறு வேலை இல்லாதவர்கள் என்று நினைத்தேன். பல வருஷங்களுக்குப் பிறகு, அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாநிலத்தில், ஒரு கராஜின் சிமெண்டுத் தரையில், சோப்புத் தண்ணீரும் தூரிகையுமாக ஒரு விமானத்தின் பெட்ரோல் டாங்கின் முன் மண்டியிட்டிருந்தபோதுதான் அவர்கள் மேல் மரியாதை வந்தது.

விமானம் என் பக்கத்து வீட்டுக்காரருடையது. இயந்திரப் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் கையாலேயே ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தார். நம்மிடம் சொன்னால் சிரிப்போம். அங்கே இது அப்படியொன்றும் பெரிய கிறுக்கு இல்லை. 1953இல் அதே மாநிலத்தின் மில்வாக்கியில் இப்படிப்பட்டவர்கள் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1970இலிருந்து ஆஷ்காஷ் என்ற ஊரில் கோடைதோறும் அவர்களுடைய திருவிழா நடந்து வருகிறது. சட்டம் கேட்பது ஒன்றுதான்: விமானத்தின் பெரும்பகுதியை, பேச்சு வழக்கில் 51 சதவீதம் என்பார்கள், கட்டுகிறவர் தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தானே செய்திருக்க வேண்டும். ‘கல்வி’ என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. கட்டி முடித்த பிறகு அரசாங்கத்தின் சார்பில் ஒருவர் வந்து பார்ப்பார், காகிதங்களைச் சரிபார்ப்பார். மூடிய டாங்குக்குள் என்ன இருக்கிறது என்று அவராலும் பார்க்க முடியாது.

இந்த வகை விமானத்தில் டாங்க் என்பது இறக்கைக்குள் வைத்த ஒரு பாத்திரம் அல்ல. இறக்கையின் முன்விளிம்பேதான் டாங்க். ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத அலுமினியத் தகட்டை வளைத்து, உள்ளே விலா எலும்புகள் போலக் குறுக்குத் தகடுகள் வைத்து, கடைசியில் பின்பக்கத்தை ஒரு நீளத் தகட்டால் மூடி, எல்லாவற்றையும் ரிவிட் அடித்துச் சேர்க்கிறார்கள். பக்கத்துக்குச் சுமார் 80 லிட்டர் பிடிக்கும். ரிவிட்டுகள் நூற்றுக்கணக்கில். ஒவ்வொரு ரிவிட்டுக்கும் முதலில் ஒரு துளை போடவேண்டியிருக்கிறது. ஆக, ஒழுகாத ஒரு பாத்திரம் செய்வதற்காக நூற்றுக்கணக்கான ஓட்டைகள் போட்டு, பிறகு அவற்றை ஒவ்வொன்றாக அடைக்கிற வேலை இது. அடைக்கிற பசை இரண்டு களிம்புகளாக வரும், ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. எடைக்குப் பத்துக்கு ஒன்று என்று தராசில் நிறுத்துக் கலந்தால் சாம்பல் நிறமாகும். கந்தக நெடி அடிக்கும். கைக்கடிகாரம், கதவுக் குமிழ், காலையில் எடுத்துக் குடிக்கிற காப்பிக் கோப்பை எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். கலந்தபின் சுமார் இரண்டு மணி நேரம்தான் கைக்கு இணங்கும். அதற்குப் பிறகு பாகு முற்றிப்போவதுபோல் முற்றிவிடும்.

இடது டாங்கின் பின்பக்கத்தை மூடிய இரவு நான் உதவிக்குப் போயிருந்தேன். மூடினால் மூடியதுதான், திரும்ப உள்ளே பார்க்க முடியாது. பின்தகடும் ஓரத்தகடும் சேர்கிற மூலைகள்தான் அதிகம் ஒழுகும் இடங்கள் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அந்த மூலைகளில் ஒன்றை நிரப்பும் பொறுப்பு என்னுடையது. மணி பத்துக்கு மேல். கோப்பையில் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது, முற்றத் தொடங்கியிருந்தது. புதிதாகக் கலந்திருக்க வேண்டும். நான் அந்த மிச்சத்தையே வழித்து மூலையில் அப்பினேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை என்று இப்போது எழுதினால் அது பொய். தோன்றியது; அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றும் தோன்றியது.

பசை நன்றாக இறுகிய பிறகு சோதனை. பெட்ரோல் வெளியேறும் வழியை அடைத்து, மூடியின் மேல் டேப் ஒட்டி, காற்றுப்போக்கிக் குழாயின் வாயில் ஒரு பலூனைக் கட்டினார். பிறந்தநாள் விழாவில் குழந்தைகளுக்குக் கொடுப்பார்களே, அந்தப் பலூன். அடியிலிருக்கும் வடிகால் துளை வழியாக சைக்கிள் பம்பால் காற்று ஏற்ற, பலூன் மெல்ல எழுந்து நின்றது. பார்க்க விளையாட்டாக இருக்கும். ஆனால் பலூன் அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. டாங்க் அழுத்தம் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு என்றால் அற்பமாகத் தோன்றும். ஒரு சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் 144 பவுண்டு, அதாவது 65 கிலோ, ஓர் ஆள் ஏறி நிற்கிறதுபோல. அதற்கு மேல் போனால் இல்லாத கசிவைச் சோதனையே உண்டாக்கிவிடும். பலூன் முதலில் ஊதிக்கொண்டு நம்மை எச்சரிக்கும்.

சோதனையே தீங்காவது கற்பனை அல்ல. 1986 ஜனவரி 28இல் சாலஞ்சர் விண்கலம் வெடித்ததை விசாரித்த கமிஷனின் அறிக்கையில் இதுவும் வருகிறது. ராக்கெட்டின் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையங்கள் கசியவில்லை என்று உறுதி செய்ய அவற்றின் நடுவே காற்றைச் செலுத்திப் பார்ப்பார்கள். வளையத்துக்கு முன்னால் பூசியிருந்த மக்கே அந்த அழுத்தத்தைத் தாங்கி, ஓட்டை வளையத்தை மறைத்துக் காட்டிவிடலாம் என்ற சந்தேகம் வந்தது. ஆகவே அழுத்தத்தை 50 பவுண்டிலிருந்து படிப்படியாக 200க்கு உயர்த்தினார்கள். காற்று மக்கைத் துளைத்துக்கொண்டு போனது. அந்தத் துளைகள் வழியாகவே பிறகு சூடான வாயு வந்து வளையங்களை அரித்தது. விபத்துக்கு இது மட்டும் காரணம் இல்லை. குளிர் இருந்தது, அவசரம் இருந்தது. ஆனாலும், தன்னை ஏமாற்றிக்கொள்ளக் கூடாது என்ற நேர்மையான பிரயத்தனம் இப்படியும் போய் முடிகிறது.

மறுநாள் காலை பலூன் சுருங்கியிருந்தது. அவர் கோபப்படவுமில்லை, பயப்படவுமில்லை. இரவு குளிர்ந்திருக்கிறது என்றார். உண்மை. பலூனின் ரப்பர் வழியாகவே காற்று போகும் என்றார். அதுவும் உண்மை. மூடியில் ஒட்டிய டேப்பை நம்ப முடியாது என்றார். அதுவும்தான். எனக்கு உறைத்தது இங்கேதான். பொய்யான சமாதானம் நாலு நாளில் பல்லை இளித்துவிடும். உண்மையான சமாதானத்தின் பின்னால் ஒரு கசிவு வருஷக்கணக்கில் ஒளிந்திருக்க முடியும். குளிர்தான் பலூனைச் சுருக்கியது என்பதும், டாங்க் ஒழுகுகிறது என்பதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம். முதலாவதைச் சொன்னதும் இரண்டாவதைக் கேட்கத் தோன்றாமல் போய்விடுகிறது. நான் அவசரமாகத் தலையாட்டினேன். அவர் சொன்ன காரணங்களைவிட என் தலையாட்டல்தான் சந்தேகத்துக்கு உரியது. அது அவருக்குத் தெரியாது.

பட்டறைக்காரர் ஆதலால் அவர் பலூனோடு நிற்கவில்லை. ஒளி ஊடுருவும் குழாயை வளைத்து, பாதிவரை சாயம் கலந்த தண்ணீர் ஊற்றி, இரண்டு டாங்குகளிலும் ஒவ்வொன்று பொருத்தினார். ஒரு பவுண்டு அழுத்தத்துக்குத் தண்ணீர் ஒரு பக்கம் 70 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும். இதில் எல்லாம் தெரியும், அதுதான் சங்கடம். டாங்கின் காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் மட்டம் மூன்றரை சென்டிமீட்டர் இறங்கும். வெளியே வாயுமண்டல அழுத்தம் ஒரு மில்லிபார் கூடினால் இன்னொரு சென்டிமீட்டர். குழாய் டாங்கைப் பற்றிச் சொன்னதைவிட விஸ்கான்ஸின் வானிலையைப் பற்றித்தான் அதிகம் சொல்லிற்று. ஆனால் இரண்டு டாங்குகளுக்கும் ஒரே கராஜ், ஒரே குளிர், ஒரே வானம். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் அது வானிலை. ஒன்று கூடுதலாக இறங்கினால் அந்தக் கூடுதல் வானிலை அல்ல. இத்தனை எளிமையான நேர்மையை நான் அதிகம் பார்த்ததில்லை. சமாதானத்தை அவர் மறுக்கவில்லை. அதைக் கழித்துவிட்டு மிச்சம் என்ன என்று பார்த்தார்.

இரண்டு இரவுகளில் இடது டாங்கின் மட்டம் வலதைவிட இரண்டு விரல்கடை அதிகம் இறங்கியிருந்தது.

இந்த இடத்தில் கிளிஃபோர்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. வில்லியம் கிங்டன் கிளிஃபோர்டு என்ற ஆங்கிலக் கணித மேதை 1877இல் நம்பிக்கையின் ஒழுக்கம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கப்பல் முதலாளி ஒருவன், கப்பல் பழசு, குடியேறப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். அவனுக்குச் சந்தேகம் வருகிறது. இத்தனை புயல்களைத் தாண்டி வந்த கப்பல்தானே, கடவுள் இத்தனை குடும்பங்களைக் கைவிடுவாரா என்றெல்லாம் நினைத்து, சந்தேகத்தை மெல்ல மெல்ல அமுக்கி, கடைசியில் உண்மையாகவே நம்பிவிடுகிறான். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. இவன் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொள்கிறான். அவன் மனமார நம்பினான் என்பது அவனுக்குச் சாதகமாகாது, அப்படி நம்ப அவனுக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிஃபோர்டு. இதுவரை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அடுத்த அடிதான் கடுமையானது. கப்பல் மூழ்காமல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் குற்றம் இம்மியும் குறையாது. அவன் அகப்படவில்லை, அவ்வளவுதான்.

விமானம் கட்டுகிறவன் கப்பல் முதலாளி அல்ல, தானே ஏறி உட்காருகிறவன், அவன் உயிர் அவன் பாடு என்று சொல்லலாம். எனக்கு அது போதவில்லை. விமானம் கை மாறும். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12இல் கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் விழுந்து இறந்தது இப்படி இன்னொருவர் வீட்டில் கட்டிய விமானத்தில்தான். ஒரு டாங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பிடியைக் கட்டியவர் வரைபடத்தில் இருந்த இடத்தில் வைக்காமல் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். பெட்ரோல் விமானி அறைக்குள் வர வேண்டாம் என்ற எச்சரிக்கையே காரணம் என்று சொல்லப்பட்டது. கசிவுக்குப் பயந்து செய்த காரியம். டென்வர் அந்த விமானத்துக்குப் புதியவர்; பெட்ரோலும் குறைவாக இருந்தது. திரும்பி எட்டிப் பிடிக்க வேண்டிய பிடி, முன்பின் பார்த்திராத ஒருவன் எப்போதோ எடுத்த முடிவு.

எங்கள் கராஜுக்குத் திரும்புகிறேன். இடது டாங்க் முழுவதும் சோப்புத் தண்ணீர் தடவினோம். ரிவிட் ரிவிட்டாக, தையல் தையலாக. ஒரு குமிழிகூட வரவில்லை. அவர் மூடியில் இருந்த டேப்பைப் புதிதாக ஒட்டிவிட்டு, இன்னொரு இரவு பார்க்கலாம் என்றார். அன்று மாலைதான் நான் மூலையைப் பற்றிச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டது ஒரே கேள்வி. மட்டம் இறங்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாயா? ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒன்றுதான். என் காதில் ‘நீ’ என்றே விழுந்தது.

அவர் கிளிஃபோர்டைப் படித்தவர் அல்லர். நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் என்னிடம் இருப்பது பதில் அல்ல, பதில் மாதிரி சில வாக்கியங்கள். சொல்லியிருப்பேன், முதல் பறப்புக்கு முன்னால் எப்படியும் சொல்லியிருப்பேன் என்று ஒன்று. இரண்டு மட்டங்களும் சமமாக நின்றிருந்தால் சோதனையே பசை சரி என்று சொல்லிவிட்டதாகத்தானே அர்த்தம், பிறகு சொல்ல என்ன இருக்கிறது என்று இன்னொன்று. இரண்டாவது வாக்கியம் தர்க்கரீதியாகப் பலமானது. அதனாலேயே அதை நான் நம்புவதில்லை.

பின்தகட்டில் அந்த மூலைக்குப் பக்கத்தில் வட்டமாக ஓர் ஓட்டை வெட்டினார். கையளவு துவாரத்தைத் தேடுவதாக நினைக்க வேண்டாம். ஊசிமுனையைவிடச் சிறிய ஒன்றைத் தேடிக் கையளவு ஓட்டை போட்டோம். டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்துப் பார்த்தால், நான் அப்பியது அசிங்கமாக, மேடும் பள்ளமுமாக, ஆனால் கல் மாதிரி பிடித்திருந்தது. அதன்மேல் புதிதாகக் கலந்த பசையைப் பூசி, ஓட்டையை ஒரு தகட்டால் மூடி, இறுகவிட்டு மறுபடி காற்று ஏற்றினோம். மறுபடியும் இடது பக்கம்தான் இறங்கியது.

மீமாம்சகர்கள் அனுபலப்திக்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள். குடம் தெரியவில்லை என்பது மட்டும் போதாது. இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையில் தெரியாமல் இருக்க வேண்டும். இருட்டில் குடம் தெரியாதது அறிவு ஆகாது. முதல் தடவை நாங்கள் ஒவ்வொரு ரிவிட்டையும் எத்தனை நேரம் பார்த்தோம்? அரை நிமிஷம் இருக்கலாம். இரண்டு இரவுகளில் இரண்டு விரல்கடை இறக்கும் கசிவுக்கு ஒரு குமிழி ஊத அரை நிமிஷம் போதுமா என்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் பார்த்தது இருட்டில். இந்தத் தடவை நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். பெட்ரோல் அளவு காட்டும் கருவியைப் பொருத்தியிருந்த வட்டத் தட்டின் ஒரு திருகைச் சுற்றிக் கால் மணிக்குப் பிறகு வெள்ளையாக ஒரு நுரை படர்ந்தது. தனிக் குமிழி இல்லை. பொடி நுரை, சவரம் செய்துகொள்ளும்போது காதோரம் மிஞ்சுகிற மாதிரி.

அதை நான் முதல் தடவையே பார்த்திருந்தேன். சோப்பை வேகமாகக் கலக்கியதால் தூரிகையிலிருந்து வந்த நுரை என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். (தன் தூரிகையின் நுரைக்கும் பொருளிலிருந்து வருகிற நுரைக்கும் வித்தியாசம் தெரியாதது பெட்ரோல் டாங்கோடு நிற்கிற நோய் அல்ல. நம் வட்டத்தில் ஒருவர் கவிதையை ஒருவர் சோதிக்கிறோம். கிளம்புகிற நுரையில் பெரும்பகுதி தூரிகையுடையது. என்னுடைய மதிப்புரைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

அந்தத் தட்டைப் பொருத்தியவர் அவர். தன் வேலை என்பதால் சமாதானம் சொல்லவும் இல்லை, என்னுடையதல்ல என்று ஆனதில் எனக்கு ஆறுதல் சொல்லவும் இல்லை. திருகுகளைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, துடைத்து, புதிதாகக் கலந்து பூசினார். பிறகு வந்த இரவுகளில் இரண்டு குழாய்களிலும் தண்ணீர் சேர்ந்தே இறங்கியது, சேர்ந்தே ஏறியது.

எனக்கு இப்போது இரண்டு குற்றங்கள் இருந்தன. தெரிந்தே செய்து மறைத்தது ஒன்று; அதனால் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. தெரியாமல் துடைத்துவிட்டது மற்றொன்று. கசிவை மறைத்தது அதுதான். கிளிஃபோர்டின் கணக்கில் முதலாவதுதான் குற்றம், இரண்டாவதை மன்னித்துவிடலாம். பெட்ரோல் கிளிஃபோர்டைப் படித்ததில்லை. அதற்கு இரண்டாவதுதான் வழி. இந்த இரண்டு கணக்குகளையும் நேர் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அகப்படாத குற்றமும் குற்றமே என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், மனம் சுத்தமாக இருந்தது என்று சொல்லி, நாற்காலி போட்டு உட்காராததிலிருந்து தப்பிக்க முடியும் என்றும் நான் நினைக்கவில்லை. கப்பல் முதலாளி சந்தேகத்தை அமுக்கினான். நான் இரண்டாம் முறை அமுக்குவதற்குச் சந்தேகமே எழவில்லை. எழாமல் போனதற்கு யார் பொறுப்பு என்பதைக் கிளிஃபோர்டு இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்லவில்லை. அன்று என் கவனம் முழுவதும் அந்த மூலையில் இருந்தது. குற்ற உணர்வுள்ளவன் தன் குற்றத்தையே தேடுகிறான்; பக்கத்தில் இருப்பது அவன் கண்ணில் படுவதில்லை. முதல் குற்றம் இரண்டாவதைப் பெற்றது என்று சொல்லலாமா? சொல்லலாம்போலத்தான் இருக்கிறது. அப்படிச் சொன்னால் கதை மிகவும் ஒழுங்காகிவிடுகிறது என்பதால் தயங்குகிறேன்.

விமானம் அடுத்த வருஷம் பறந்தது. முதல் 40 மணி நேரம் அவர் தனியாகத்தான் பறக்கவேண்டியிருந்தது. யாரையும் ஏற்றிக்கொள்ளக் கூடாது என்பது விதி. அது முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். பயணி உட்காரும் இடத்துக்கு எதிரே ஒரு தகடு: இந்த விமானம் அமெச்சூர் ஒருவரால் கட்டப்பட்டது, சாதாரண விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்ற பொருளில். அதையும் சட்டம்தான் ஒட்டச் சொல்கிறது. வாசித்துவிட்டு வாரைக் கட்டிக்கொண்டேன். பயந்தேனா என்று கேட்டால், பயந்தேன். மூலையை நினைத்து அல்ல.

இம்மாதிரிச் சிறு விமானங்களில் ஊற்றும் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருக்கும். இது எந்தப் பெட்ரோல் என்று அடையாளம் தெரிவதற்காகக் கலப்பது. கசிந்தால் பெட்ரோல் ஆவியாகிவிடும், சாயம் தங்கிவிடும். ரிவிட்டைச் சுற்றி இலேசாக நீலம் பாரித்திருக்கும். முக்கால் மணி நேரம் ஏரிகளின் மேல் சுற்றிவிட்டு இறங்கினோம். எஞ்சின் நின்றதும் நான் இறங்கிப்போய்க் குனிந்து, இடது இறக்கையின் அடியில் விரலை ஓட்டிப் பார்த்தேன். நிமிர்ந்தபோது அவரைக் காணவில்லை. வலது இறக்கையின் அடியில் குனிந்திருந்தார்.